போட்டோவை அனுப்பிடுவேன்னு மிரட்டுகான் அக்கா

கேள்வி: அக்கா, நான் கருங்கல்ல இருந்து தினமும் பஸ்ஸுல மார்த்தாண்டத்துல ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போறேன். கூடப் படிச்ச ஒருத்தன் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கான், பைக்குல பின்னாடியே வரான், வாட்ஸ்அப்புல விடாம மெசேஜ். பேசலன்னா எனக்க போட்டோவை என்னமோ எடிட் பண்ணி வீட்டுக்கு அனுப்பிடுவானாம். அம்மாகிட்ட சொல்ல பயமா இருக்கு. அண்ணன் போட்டுல கடலுக்குப் போயிருக்கான், தெரிஞ்சா அவனை அடிச்சிருவான். பிளாக் பண்ணா போதுமா?
- பெயர் வேண்டாம், கருங்கல்

பதில்: பிளாக் பண்ணலாம் மக்ளே, ஆனா இன்னைக்கே வேண்டாம். முதல்ல "எனக்கு இஷ்டமில்ல, இனி மெசேஜ் போடாதே"ன்னு ஒரே ஒரு தடவை தெளிவா அனுப்பு, அதுக்கப்புறம் அவன் கெஞ்சினாலும் திட்டினாலும் பதிலே போடாதே. ஏன்னா பிடிக்கலன்னு சொன்ன பிறகும் பின்னாடி வர்றது, மெசேஜ் போடுறது மத்திய அரசோட குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவுல குற்றம், முதல் தடவைக்கே 3 வருஷம் வரைக்கும் ஜெயில் போடலாம். போட்டோ மிரட்டலுக்கு அதே சட்டத்துல 351-வது பிரிவு தனியா இருக்கு. அவன் நம்பரும் தேதியும் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து உனக்கு நம்பிக்கையான ஒருத்தருக்கு அனுப்பி வை, ஒரிஜினல் சாட்டை மட்டும் அழிக்காதே (அருவருப்பா இருக்குன்னு நிறைய பிள்ளைங்க அழிச்சிட்டுதான் வருது, அங்கதான் கேஸ் இழுக்கும்). எந்த நாள், எந்த பஸ், எங்க நின்னான்னு ஒரு நோட்டுல எழுது. இவ்வளவும் ஆனப்புறம் பிளாக் பண்ணு.

அம்மாகிட்ட இன்னைக்கு ராத்திரியே சொல்லிரு. வீட்டுல தெரியாதுங்கிற தைரியத்துலதான் அவன் ஆடுகான், நீயே சொல்லிட்டா அவன்கிட்ட பாதி மிரட்டல் போச்சு.

பிறகு மார்த்தாண்டம் மகளிர் போலீஸ் ஸ்டேஷன்ல மனு குடு. இந்த மாதிரி புகாரை பெண் போலீஸ்தான் எழுதி வாங்கணும், எங்க லிமிட் இல்லன்னு திருப்பி அனுப்பவும் முடியாது, சம்பவம் எங்க நடந்தாலும் பதியுற ஜீரோ எஃப்ஐஆரை எந்த ஸ்டேஷன்லயும் போடலாம். மனுவை வாங்கிக்கிட்டதுக்கு குடுக்குற சிஎஸ்ஆர் ரசீது வாங்காம வெளிய வராதே. ஒண்ணு உள்ளதைச் சொல்லணும், 78 முதல் தடவைன்னா ஜாமீன்ல விடுற கேஸ், அதனால அவன் திரும்ப வந்தா அதையும் எழுதிக் குடுக்கணும். ஸ்டேஷனுக்குப் போற முன்னாடி யாருகிட்டயாவது பேசணும்னா பெண்கள் உதவி எண் 181, அவன் பின்னாடி வர்ற நேரம்னா உடனே அவசர எண் 112-க்கு போன் பண்ணு. வக்கீலுக்குக் காசு வேண்டாம், நாகர்கோவில் கோர்ட்டுல இருக்குற இலவச சட்ட உதவி பெண்களுக்கு வருமானம் பார்க்காம கிடைக்கும்.

அண்ணன் கரைக்கு வர்றதுக்குள்ள மனுவைக் குடுத்துரு. அண்ணன் அவன்மேல கை வச்சா கேஸ் உங்க வீட்டுப் பக்கம் திரும்பிரும்.