பசி அதிகம், எடை குறைவு

கேள்வி: என் கணவருக்கு வயது 46. சில மாதங்களாக, வயிறு நிறையச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்திலேயே மறுபடியும் பசிக்கிறது என்கிறார். ஆனால் உடல் இளைத்துக்கொண்டே போகிறது. வயிற்றில் பூச்சி இருக்கும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். மருந்து கொடுக்கலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: பூச்சி மருந்தோடு நிறுத்திவிடாதீர்கள். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறது என்றால், நான் முதலில் சந்தேகிப்பது நீரிழிவைத்தான். இன்சுலின் போதாமல் போகும்போது, ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தும் செல்களால் அதைப் பயன்படுத்த முடியாமல், ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறிவிடுவதால், உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துக்கொண்டே மேலும் உணவு கேட்கிறது. அவர் இரவில் சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுகிறாரா, தலைமாட்டில் தண்ணீர்ச் சொம்பு வைத்துக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், பெரும்பாலும் மறுபரிசோதனை செய்தே நீரிழிவு என உறுதிசெய்வார்கள்.

படபடப்பு, விரல் நடுக்கம், மின்விசிறியின் கீழும் வியர்வை ஆகியவை இருந்தால், தைராய்டு மிகையாகச் சுரக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டுக்குமே ரத்தப் பரிசோதனை போதும். ஸ்டீராய்டு மாத்திரைகளும் பசியைத் தூண்டும், ஆனால் அவற்றால் பொதுவாக எடை கூடவே செய்யும். அவற்றை மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்துவது ஆபத்து.

இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, மயக்கம் தோன்றினால் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.