அவசர அழைப்புப் பதிவின் கடைசி நொடிகளில் இன்னொரு குரல் கேட்கிறது. எப்படி ஆராய்வது?

துப்புத் துலங்காத ஒரு கொலை வழக்கின் அவசர அழைப்புப் பதிவு கிடைத்திருக்கிறது, ஃபோனை வைத்த பிறகும் சில நொடிகள் ஓடுகிறது, அதில் இரண்டாவது ஆள் பேசுவது போலிருக்கிறது, எந்த மென்பொருளில் சுத்தம் செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருள் கடைசி வேலை. அங்கே குரல் இருக்கிறது என்று முதலில் உங்களுக்கு யார் சொன்னார்கள்? சப்டைட்டில் போட்ட வீடியோவில்தான் கேட்டீர்கள் என்றால், அந்த நொடிகளைப் பொறுத்தவரை உங்கள் காதை இனி நம்ப முடியாது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழுத்த நிபுணரின் காதுக்கும் இதே நிலைதான்.

நியூசிலாந்தின் டுனீடினில் 1994 ஜூனில் டேவிட் பெய்ன் என்பவரின் பெற்றோரும் உடன்பிறந்த மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்நாட்டின் அவசர எண்ணான 111-ஐ அழைத்தவர் அவர்தான். மூச்சு வாங்கியபடி பேசிய அந்தப் பதிவைப் பல ஆண்டுகள் எத்தனையோ பேர் கேட்டும் யாருக்கும் விசேஷமாக எதுவும் படவில்லை. குற்றவாளி என்ற முதல் தீர்ப்பு ரத்தாகி நடந்த மறுவிசாரணைக்கு முன் ஒரு துப்பறியும் அதிகாரிக்கு மட்டும், நடுவில் ஓரிடத்தில் 'சுட்டேன்' என்று ஒப்புக்கொள்வதுபோல் கேட்டது. அந்தப் பகுதியை ஜூரிகள் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வெட்டச் சொன்னது. 2009-ல் அவர் விடுதலையானார். பிறகு ஒலியியல் ஆய்வாளர் ஹெலன் ஃப்ரேசர் அதே துண்டைப் பலருக்குப் போட்டுக் காட்டினார். முன்கூட்டி எதுவும் சொல்லப்படாமல் கேட்டவர்களுக்கு அந்த வாக்கியம் கேட்கவில்லை. 'இப்படி இருக்கலாம்' என்று சொன்னதும் கணிசமானவர்களுக்குக் கேட்டது. 1996 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவின் போல்டரில் ஜான்பெனே ராம்சே என்ற சிறுமியின் கொலை வழக்கில் பதிவான அழைப்பின் கடைசி நொடிகளும் இப்படித்தான். இன்றுவரை ஆளுக்கொன்று கேட்கிறது.

இனி செய்முறை. இணையத்தில் கிடைக்கும் எம்பி3-ஐ வைத்து முடிவு எதுவும் எடுக்காதீர்கள். மூலப் பதிவுக் கருவியிலிருந்து அதன் சொந்த வடிவத்திலேயே எடுத்த ஃபைலையும், அழைப்பு நேரத் தரவையும் கேட்டு வாங்குங்கள். கிடைத்தவுடன் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) எடுத்துக் குறித்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். அழைத்தவரும் ஆபரேட்டரும் தனித்தனி சேனலில் பதிவாகியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஸ்டீரியோவை மோனோவாக்கிக் கொடுத்திருந்தால் பாதி ஆதாரம் அங்கேயே போய்விட்டது.

அடுத்து, கம்பி வழியே எது வந்திருக்கவே முடியாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான தொலைபேசிப் பாதை 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், சாம்பிளிங் நொடிக்கு 8000. 'ஸ' ஒலியின் ஆற்றலில் பெரும்பகுதி இதற்கு மேலே இருப்பதால் 'ஸ'வும் 'ஃப'வும் ஒன்றாகக் கேட்கும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் கீழே வெட்டுப்பட்டுவிடும். மூளை மேலடுக்குகளிலிருந்து அதை ஊகித்துக்கொள்கிறது. முதல் ஃபார்மன்ட் (உயிரெழுத்தை அடையாளம் காட்டும் ஒத்ததிர்வுகளில் மிகத் தாழ்ந்தது) இருப்பதைவிட உயர்வாகத் தெரியும். உயிரெழுத்து அளவுகளை நேரில் எடுத்த குரல் மாதிரியோடு அப்படியே ஒப்பிட்டால் தப்பாகப் போவது இதனால்தான். மொபைல் அழைப்பு இன்னும் மோசம். ஏஎம்ஆர் என்ற கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) ஒலியை 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி, மனிதக் குரல்வளையின் மாதிரியில் பொருத்தி அனுப்புகிறது. கதவு அடிப்பது, துப்பாக்கிச் சத்தம் எல்லாம் அந்த மாதிரிக்குள் திணிக்கப்பட்டு வேறு சத்தமாக வெளிவரும். பேச்சு இல்லாத இடத்தில் கேட்கும் மெல்லிய இரைச்சல் பெரும்பாலும் அந்த அறையுடையதே அல்ல. பெறும் முனையில் செயற்கையாக நிரப்பப்பட்டது. ஒரு துண்டு தொலைந்தால் கோடெக் முந்தைய துண்டை நீட்டி ஒப்பேற்றும். அந்த நீட்டல் ஒரு அசை போலவே கேட்கும்.

அழைத்தவரையும் ஆபரேட்டரையும் தவிர மூன்றாவது குரல் என்று நினைப்பது எங்கிருந்தெல்லாம் வரலாம் என்பதுதான் பலர் தாண்டிப் போகும் இடம். ஆபரேட்டரின் ஹெட்செட் மைக் பக்கத்து மேசைக்காரரின் பேச்சையும் பிடிக்கும். ஆபரேட்டரின் குரலே அழைத்தவரின் ஃபோனில் பட்டு, நூறு மில்லிநொடிக்கு மேல் தாமதித்து எதிரொலியாகத் திரும்பும். சேனல்கள் தனியாக இருந்தால் ஒன்றோடொன்று குறுக்கு ஒப்பீடு செய்து இதை ஒரே நாளில் தீர்த்துவிடலாம். பழைய நாடாப் பதிவு என்றால் இன்னும் இரண்டு தொல்லை. மெதுவாக ஓடும் பல தட நாடாவில் பக்கத்துத் தடத்தின் வேறொரு அழைப்பு கசியும். நாடா சுருளில் கிடந்து ஒரு சுற்றின் காந்தப்பதிவு அடுத்த சுற்றில் படியும். பல நொடிகள் முன்போ பின்போ வந்த பேச்சு மங்கலாகக் கேட்கும். இவ்வளவையும் விலக்கிய பிறகுதான் 'அந்த வீட்டில் இன்னொரு ஆள்' என்ற பேச்சுக்கே இடம்.

மின்சார ரீங்காரத்தின் அதிர்வெண் நேரத்துக்கு நேரம் சற்றே மாறும், அதை வைத்துப் பதிவான நேரம் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். அந்த 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரம் தொலைபேசிப் பாதையில் பெரும்பாலும் தப்பி வராது. பதிவில் வலுவாக இருந்தால் அது பதிவுக் கருவி இருந்த கட்டடத்தின் மின்சாரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கேட்கும் வேலைக்கு, காதை மூடும் ஹெட்ஃபோன், அமைதியான அறை, வழக்கைப் பற்றி எதுவுமே தெரியாத மூன்று பேர். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. முதல் சுற்றில் முழு அழைப்பையும் தராமல், சர்ச்சைக்குரிய துண்டை முன்னும் பின்னும் சில நொடிகளோடு கொடுங்கள். கேட்டதை நேரக் குறிப்போடு, 'உறுதி', 'இருக்கலாம்', 'சத்தம் மட்டும்' என்று மூன்று தரத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரே சொல்லை லூப்பில் விடாமல் ஓடவிட்டால் அது வேறு சொல்லாக மாறிவிடும்; பத்துப் பதினைந்து முறைக்கு மேல் தொடர்ந்து வேண்டாம். யாருக்காவது ஒரு வாக்கியம் கேட்டால், அதே அசை எண்ணிக்கையில் வேறு மூன்று வாக்கியங்களை நீங்களே புனைந்து, நான்கையும் கலந்து புதிய ஆட்களிடம் கொடுங்கள். நான்கும் ஏறக்குறைய சம அளவில் 'கேட்டால்', அங்கே சொல் இருப்பதற்கு ஆதாரம் இல்லை.

பிறகு ப்ராட் போன்ற மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பாருங்கள். 4000 ஹெர்ட்ஸ் வரை, 5 மில்லிநொடி ஜன்னல். சுருதிக்கு 30 மில்லிநொடி ஜன்னலில் இன்னொரு முறை. ஃபார்மன்ட் கோடுகளே தெரியாத இடத்தில் வாக்கியம் கேட்கிறது என்றால் சந்தேகிக்க வேண்டியது காதைத்தான்.

சுத்தம் செய்வதில் குறைவே நல்லது. ஒலியளவைச் சீராக்குங்கள், குறிப்பிட்ட ஒரு ரீங்காரம் இருந்தால் அந்த அதிர்வெண்ணை மட்டும் வெட்டுங்கள். இரைச்சல் நீக்கியை அழுத்திப் போட்டால் நீர்க்குமிழி வெடிப்பது போன்ற சத்தங்கள் மிஞ்சும், அவை கிசுகிசுப்பாகக் கேட்கும். செயற்கை நுண்ணறிவு 'தெளிவாக்கி'களைத் தொடவே தொடாதீர்கள். அவை இல்லாத ஒலியனை ஊகித்து வரைபவை. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் வெறும் மௌனத்திலிருந்தே முழு வாக்கியம் எழுதியிருக்கின்றன.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் உறுத்துவதால். அழைத்தவர் அழவில்லை, 'சீக்கிரம் வாருங்கள்' என்று கெஞ்சவில்லை, மரியாதையாகப் பேசினார், ஆகவே கொலைகாரர் என்று ஒரு பட்டியலை வைத்துத் தீர்ப்பெழுதுபவர்கள் பெருகிவிட்டார்கள். அதன் வேர் 2008-ல் வெளியான, வெறும் 100 அழைப்புகளைப் பார்த்த ஓர் ஆய்வு. பிறகு எஃப்பிஐயின் நடத்தை ஆய்வாளர்களே சோதித்தபோது அதன் முடிவுகள் பெரும்பாலும் நிற்கவில்லை. அதிர்ச்சியில் மனிதர்கள் எப்படி வேண்டுமானாலும் பேசுவார்கள். பிள்ளையை இழந்த ஒருவரின் குரலில் 'உணர்ச்சி போதவில்லை' என்று மதிப்பெண் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டால், 'நிபுணர்கள் ஒத்துக்கொள்ளாததால் உண்மை மறைந்துவிடுமா' என்பார்கள். முறை சரியில்லாதபோது எது உண்மை என்பதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை, அதுதான் பிரச்சினை.

அலறலை வைத்து ஆளை அடையாளம் காண்பதும் அப்படித்தான். 2012-ல் ஃப்ளோரிடாவின் சான்ஃபோர்டில் ட்ரேவான் மார்ட்டின் என்ற பதின்வயதுச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டபோது பதிவான அலறல் யாருடையது என்று சொல்ல அரசுத் தரப்பு கொண்டுவந்த ஒலி நிபுணர்களின் சாட்சியத்தை நீதிபதி ஏற்கவில்லை. பயன்படும் ஒலி சில நொடிகளே, அதுவும் தொலைவிலிருந்து, இன்னொருவர் ஃபோன் வழியே.

உங்கள் அறிக்கையில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக, அளவுகளோடு எழுதுங்கள். வேறொருவர் அதே நகலில் தொடங்கி அதே முடிவுக்கு வர வேண்டும். மூவரின் எழுத்துப்படிகளையும் இணைக்காமல் தனித்தனியாகவே வையுங்கள். வழக்கு இன்னும் திறந்திருந்தால் இதை விசாரணை அதிகாரியிடம் மட்டும் கொடுங்கள், வெளியிட வேண்டாம். வெளியிட்டால் நாளைக்கு அந்தத் துண்டைக் கேட்க வேறு எதுவும் தெரியாத காது ஒன்றுகூட மிஞ்சாது.