டாக்டரைக் கேளுங்கள்: கையெழுத்து இல்லாத சீட்டு

கேள்வி: எங்கள் அப்பச்சிக்கு வயது 81, ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. போன மாதம் எங்கள் ஊரில் ஒரு பெரிய வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) கண் முகாம் நடந்தது. டாக்டர் யாரும் வரவில்லை. ஒரு பிள்ளை கேமராவில் படம் எடுத்தது. உடனே கம்ப்யூட்டர் சீட்டு கொடுத்துவிட்டது, பாதிப்பில்லை என்று. ஆனால் அப்பச்சி வலது கண் ஓரத்தில் மங்கலாக இருக்கிறது என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பியோ, “டாக்டரைவிட அது கெட்டி, பேசாமல் இருங்கள்” என்கிறான். நம்பலாமா?
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: கடிதம் கிடைத்ததுமே போனில் சொல்லிவிட்டேன் ஆச்சி, கண் டாக்டரிடம் உடனே காட்டுங்கள் என்று. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய சீட்டு நகலில் ஒரே வரிதான்: ‘நீரிழிவு விழித்திரை நோய்: மேல்சிகிச்சைக்கு அனுப்பத் தேவையில்லை.’ கண் நீர் அழுத்தம், கண்புரை பற்றிப் பேச்சே இல்லை. ஓரப் பார்வை மங்க அழுத்தமும் காரணமாகலாம், விழித்திரை விலகுவதும் காரணமாகலாம். கம்ப்யூட்டரிடம் கேட்டது சர்க்கரையால் வரும் கோளாறை மட்டும். டாக்டராக இருந்தால், “வேறென்ன செய்யுது ஐயா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்.

தம்பி சொல்வதும் சும்மா இல்லை. 2016-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட, படத்தைப் பார்த்தே இந்த நோயைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் முறைக்கு 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டிப் பழக்கினார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா நோயாளிகளின் படங்களும் அதில் சேர்த்தி. சோதனையில் நன்றாகவே தேறியது. அதையே தாய்லாந்தில் கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனபோது, ஐந்தில் ஒரு பங்குப் படங்களைத் தெளிவில்லை என்று தள்ளிவிட்டது. முக்கியக் காரணம் அறை வெளிச்சம். 2020-ல் வந்த ஆய்வு அது.

உங்கள் முகாம் நடந்ததோ வளவில்! வெயில் நேராக இறங்கும் இடத்தில் கண்மணி சுருங்கத்தான் செய்யும். அந்த வயதில் கொஞ்சம் புரையும் இருந்தால் படம் கலங்கிவிடும். இரண்டாங்கட்டில் ஓர் இருட்டறை கேட்டிருந்தால் வீட்டுக்காரர் மாட்டேன் என்றா சொல்லப்போகிறார்?

எனக்குக் கோபம் கம்ப்யூட்டர் மேல் இல்லை. சீட்டின் அடியில் ‘மருத்துவர் கையொப்பம்’ என்ற இடம் காலியாக இருக்கிறதே, அதன்மேல்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-ல் செயற்கை நுண்ணறிவுக்கென்றே நெறிமுறைகள் வெளியிட்டது. மனிதர் மேற்பார்வை வேண்டும், பொறுப்பேற்க ஆள் வேண்டும், நோயாளியின் சம்மதம் வேண்டும் என்கிறது. கம்ப்யூட்டர்தான் பார்க்கப்போகிறது என்று அப்பச்சியிடம் சொன்னார்களா? அவர் படம் இப்போது யாரிடம் இருக்கிறது? முகாம் நடத்தியவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். இலவசம் என்பதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: முழங்கால் மூட்டு மாற்ற ரோபோ ஆபரேஷன் என்கிறார்கள். தப்பிப்போனால் ரோபோவையா கேட்பது?
- ஒரு வாசகர், கோட்டையூர்

பதில்: டாக்டரைத்தான் கேட்க வேண்டும், ஆஸ்பத்திரியையும் சேர்த்து. ரோபோ தன்னிஷ்டத்துக்கு எலும்பைச் செதுக்குவதில்லை; திட்டம் போடுவதும் கூடவே நின்று கருவியை மேற்பார்ப்பதும் டாக்டர்தான். இந்தக் கருவியில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், இதற்கென்று தனியாக எவ்வளவு வாங்குகிறார்கள் என்று முன்னாலேயே கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.