புதுக் காரும் பாலிசித் தாளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து சென்ற மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கார் காப்பீடு பற்றியவை. காரைக்குடியில் ஒரு பொதுக் காப்பீட்டுக் கிளையில் முப்பத்தோரு ஆண்டுகள் இழப்பீட்டுக் கோப்புகளைப் பார்த்தவன் என்பதால், இந்தக் கேள்விகளை ஆசிரியர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். நான்கு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: காரைக்குடியில் ஒருவரிடமிருந்து மூன்று வருடம் ஓடிய காரை வாங்கி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. முழுப் பணமும் கொடுத்து, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிட்டேன். பாலிசி அவர் பெயரிலேயே இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. "பாலிசி வண்டியோடு வரும், ஒன்றும் பயமில்லை" என்கிறார் தரகர். தினமும் கடைக்கு அந்த வண்டியில்தான் போய் வருகிறேன். அவர் சொல்வது சரியா?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாக ஒரு பதில் அனுப்பிவிட்டேன், ஏனென்றால் உங்களுக்கு மீதமிருந்த நாட்கள் குறைவு. ஆனால் இதே நிலையில் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

தரகர் சொன்னது பாதி உண்மை. ஆபத்து மறு பாதியில் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 157இன்படி, வண்டியைப் பாலிசியோடு சேர்த்து விற்றால், விற்ற நாளிலிருந்தே காப்பீடு, வண்டியை வாங்கியவர் பெயருக்கு மாறியதாகவே கருதப்படும். வாங்கியவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் "மாறியதாகக் கருதப்படும்" என்ற இந்த ஏற்பாடு மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டுமே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் ஓட்டிய வண்டி வேறொருவர்மேல் மோதினால் அவருக்கான இழப்பீட்டைத் தருவதிலிருந்து நிறுவனம் பெயர் மாறவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. உங்கள் வண்டியே நொறுங்கினாலோ, களவு போனாலோ, அந்த நஷ்டத்தைத் தருவதற்கு நிறுவனம் உங்களோடு ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும், அப்படி ஓர் ஒப்பந்தம் இன்னும் ஏற்படவில்லை. விற்றவருக்கோ வண்டியில் எந்த உரிமையும் மிச்சமில்லை என்பதால் அவராலும் கேட்க முடியாது. பிரீமியம் முழுவதும் கட்டிய பாலிசி, தேதியும் இருக்கிறது, ஆனால் உரிமை கோர ஆள் இல்லை.

இதை நான் சட்டப் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. பழைய வண்டி வாங்கி இருபதாம் நாள் சாலையோரப் புளிய மரத்தில் மோதிய ஒருவர், ஒர்க்ஷாப்பில் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டோடு என் மேஜைக்கு முன் வந்து உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான்காக மடித்த பாலிசித் தாள் அவர் சட்டைப் பையில் வியர்வையில் நனைந்திருந்தது. விரித்துப் பார்த்தால் பெயர் வேறு. ரேடியேட்டர், பானட், முன் பம்பர், இடப்பக்க விளக்கு என்று பட்டியல் நீண்டிருந்தது, ஒரு ரூபாய்கூட எங்களால் கொடுக்க முடியவில்லை. பெயர் மாற்றத்துக்கு அப்போது வாங்கிய கட்டணம் ஐம்பது ரூபாய். பெயரை மாற்ற வேண்டும் என்று அவருக்குச் சொல்ல யாரும் இல்லாமல் போனதுதான் என்னை வருத்தியது.

எனவே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போங்கள். விற்றதற்கான கடிதம், படிவம் 29, 30 நகல்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டு, பழைய பாலிசி ஆகியவற்றோடு உங்கள் பெயரில் புதிய முன்மொழிவுப் படிவம் ஒன்றும் நிரப்பிக் கொடுக்க வேண்டும். சில நிறுவனங்கள் வண்டியைப் பார்வையிட ஆள் அனுப்பும். இதோடு, விற்றவர் அனுபவித்து வந்த நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) தொகையை மீதி மாதங்களுக்கு நீங்கள் திருப்பிக் கட்ட வேண்டும், ஏனென்றால் அந்தப் போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்குச் சொந்தம் அல்ல. ஓர் உதாரணக் கணக்கு: தள்ளுபடி இல்லாவிட்டால் சொந்த சேதப் பிரீமியம் (உங்கள் வண்டிக்கே ஆகும் நஷ்டத்துக்கான பகுதி) வருடத்துக்கு 12,000 ரூபாய், விற்றவருக்கு 50 சதவீதம் போனஸ் என்று வைத்துக்கொண்டால், வருடத் தள்ளுபடி 6,000 ரூபாய், மீதி ஏழு மாதத்துக்கு நீங்கள் கட்ட வேண்டியது 3,500 ரூபாய். இந்தத் தொகையைக் கேட்டதும் பலர் பெயர் மாற்றத்தை அடுத்த புதுப்பித்தல்வரை தள்ளிப்போடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு பக்கக் கதவை மாற்றினாலே அதைவிட அதிகம் ஆகும்.

உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் விற்றவருக்கு உரியது. உங்கள் பெயருக்கு மாறும்வரை உங்கள் குடும்பத்துக்கு அதில் எதுவும் கிடைக்காது. பெயர் மாற்றத்தின்போதே இதையும் கேட்டுப் பெறுங்கள். இடையில் விற்றவர் தம் பாலிசியை ரத்து செய்து மீதிப் பணத்தைத் திரும்பப் பெறப் போகிறாரா என்பதையும் அவரிடம் நேரில் கேட்டுவிடுங்கள்.

வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்ற உங்களுக்குச் சட்டம் தரும் கால அவகாசம் 30 நாட்கள். விற்றவரும் இதில் அக்கறை காட்ட வேண்டும், ஏனென்றால் கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு தம் வேலை முடிந்தது என்று அவர் நினைத்தால் அது தவறு.

கேள்வி: வரும் வெள்ளிக்கிழமை புதுக் கார் எடுக்கிறோம். ஷோரூமிலிருந்து நேரே பிள்ளையார்பட்டிக்குப் போய்ப் பூஜை போட்டுவிட்டு வீட்டுக்கு வருவதாகத் திட்டம். "இன்சூரன்ஸ் போட்டாச்சு, தாள் இரண்டு நாளில் வரும்" என்கிறார்கள். நம்பி ஓட்டலாமா? அவர்கள் சொல்லும் நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டுமா?
- ஒரு வாசகி, புதுவயல்

பதில்: பாலிசித் தாள் உங்கள் தொலைபேசிக்காவது வந்து சேராமல் சாவியை வாங்காதீர்கள், அம்மா. இப்போது பாலிசி கணினியில் உருவாகிறது. பணம் கட்டிய சில நிமிடங்களில் அது வந்துவிடும், இரண்டு நாள் காத்திருக்கக் காரணமே இல்லை. பிரீமியம் முன்கூட்டியே நிறுவனத்துக்குப் போய்ச் சேராமல் பொறுப்பு ஏற்கக் கூடாது என்று 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் பிரிவு 64விபி சொல்கிறது. ஷோரூம்காரரிடம் நீங்கள் கொடுத்த பணம் அவர் கல்லாவில் இருக்கும்வரை உங்களுக்குக் காப்பீடு இருப்பதாக எண்ணிக்கொள்ள முடியாது.

தாள் வந்ததும் நான்கு இடங்களைப் பாருங்கள். உங்கள் பெயர் ஆர்.சி.க்குக் கொடுத்த பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். என்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள், வீட்டுப் பிள்ளைகள் யாரையாவது பானட்டைத் திறக்கச் சொல்லி, நீங்கள் தாளைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாகப் படித்தால் ஐந்து நிமிட வேலை. அடுத்தது, காப்பீடு தொடங்கும் தேதியும் நேரமும். இதைத்தான் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. நேரம் எதுவும் குறிக்காத பாலிசி அந்தத் தேதி பிறந்த நள்ளிரவிலிருந்தே செல்லும் என்றும், நேரம் குறித்திருந்தால் அந்த நேரத்திலிருந்து மட்டுமே செல்லும் என்றும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. வண்டி எடுக்க நீங்கள் பார்த்து வைத்திருக்கும் நல்ல நேரம் காலை ஒன்பதே கால் என்றால், பாலிசியில் அச்சிட்டிருக்கும் நேரம் அதற்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

நான்காவது, எது எவ்வளவு காலத்துக்கு என்பது. 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் சொந்த சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓர் ஆண்டுக்குத்தான் போடப்படும். தாளின் மேலே "3 ஆண்டு" என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள், இரண்டாம் ஆண்டில் வண்டி இடிபட்ட பிறகு கீழே இருக்கும் வரியைப் படித்துத் திகைத்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சொந்த சேதம் முடியும் தேதியை வீட்டு நாட்காட்டியில் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது உங்கள் விருப்பம், ஷோரூம் கட்டாயப்படுத்த முடியாது. மூன்றாம் நபர் கட்டணத்தை அரசே நிர்ணயிப்பதால் அதில் பேரம் இல்லை: 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி.வரையுள்ள புதுக் காருக்கு மூன்று ஆண்டுகளுக்கு 10,640 ரூபாய் என்று 2022 ஜூனில் வந்த பட்டியல் சொல்கிறது. வித்தியாசம் வருவது சொந்த சேதப் பகுதியிலும், தேய்மானக் கழிவு இல்லாத காப்பீடு போன்ற கூடுதல் சேர்க்கைகளிலும்தான். அந்தக் கூடுதல் சேர்க்கையை முதல் சில ஆண்டுகளுக்காவது எடுக்கும்படி நான் சொல்வேன். அது இல்லாவிட்டால் பம்பர் போன்ற பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதி உங்கள் கையிலிருந்து போகும்.

உங்களுக்குப் பிடித்த எண்ணுக்காகக் காத்திருந்து தற்காலிகப் பதிவில் வண்டி ஓட்டுவதாக இருந்தால், அந்தப் பதிவு முடியும் தேதிக்குள் நிரந்தரப் பதிவை முடித்துவிடுங்கள். தற்காலிகப் பதிவு காலாவதியான ஒரு வண்டியை ஜோத்பூரில் விடுதிக்கு வெளியே நிறுத்தியிருந்தபோது அது களவு போயிற்று. பாலிசி உயிரோடு இருந்தும், பதிவில்லாத வண்டிக்கு நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது.

கோயில் வாசலில் கண்ணாடியை மறைத்துக் கட்டும் மாலையைக் கிளம்பும் முன் கழற்றி உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழத்தின்மேல் வண்டியை ஏற்றும்போது சக்கரத்துக்கு அருகே குழந்தைகள் நிற்க வேண்டாம்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஊருக்கு வரும்போது உதவும் என்று என் பெயரில் ஒரு கார் வாங்கிப் பெரிய வீட்டு முகப்பில் நிறுத்தியிருக்கிறேன். நான் இல்லாதபோது அண்ணன் மகன் ஓட்டுவான், சில நாள் சம்பளத்துக்கு ஒரு டிரைவரும் வருவார். வீடு பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப் போகக் கேட்கிறார்கள். இன்சூரன்ஸ் செல்லுமா?
- ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: உங்கள் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் உரிமம் உள்ள எவர் ஓட்டினாலும் பாலிசி செல்லும், அவர் பெயர் தாளில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அண்ணன் மகனின் உரிமமும் டிரைவரின் உரிமமும் எந்தத் தேதிவரை என்று ஒருமுறை நேரில் பார்த்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு நீங்கள் ஓட்டும்போது உங்களுக்கு மட்டுமே பயன்படும். சம்பள டிரைவருக்கும் கூட வருபவர்களுக்கும் தனியே சிறு பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும், அது மிகக் குறைந்த தொகைதான்.

பயணிகளைக் கூலிக்கு ஏற்றும் விஷயத்தில் மட்டும் இடம் கொடுக்காதீர்கள். சொந்த உபயோகப் பாலிசியில் வாடகைக்கு விடுவது வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சவாரி என்றாலும் அன்று நடக்கும் விபத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கும், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கான தொகை உங்கள் தலையில் விழும். டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டோம் என்ற விளக்கத்தையும் நான் விசாரணைகளில் கேட்டிருக்கிறேன், அது பெரும்பாலும் எடுபடுவதில்லை. வாடகைக்கு விடுவதே நோக்கமென்றால் மஞ்சள் பலகையும் அதற்குரிய பாலிசியும் எடுத்துவிடுங்கள்.

வண்டி பல மாதம் நிற்கிறதே என்று பாலிசியைப் புதுப்பிக்காமல் விடாதீர்கள். காலாவதியாகி 90 நாட்கள் கடந்தால் சேர்த்து வைத்த போனஸ் முழுவதும் போய்விடும்.

கேள்வி: பழைய காரைச் சென்ற வருடம் விற்றேன், ஐந்து வருடமாக இழப்பீடு கேட்டதே இல்லை. இப்போது புதுக் கார் வாங்குகிறேன். அந்தப் போனஸ் கிடைக்குமா? அப்பச்சி பெயரில் இருக்கும் வண்டியின் போனஸையும் எனக்கு மாற்ற முடியுமா?
- ஒரு வாசகர், ஆத்தங்குடி

பதில்: உங்களுடையது கிடைக்கும். இழப்பீடு கேட்காத ஐந்து வருடத்துக்கு 50 சதவீதம், அதுதான் உச்சவரம்பு. பழைய நிறுவனத்தில் விற்பனைச் சான்றைக் காட்டி, போனஸ் இருப்பை உறுதிசெய்யும் கடிதம் ஒன்று வாங்குங்கள். மூன்று வருடத்துக்குள் அதைப் புதுக் காரின் பாலிசிக்குப் பயன்படுத்தலாம், சொந்த சேதப் பிரீமியத்தில் மட்டும் கழியும். அந்தக் கடிதம் கையில் வருவதற்கு முன்பே ஷோரூமில் "போனஸ் இருக்கிறது" என்று வாய்மொழியாகச் சொல்லிக் குறைந்த பிரீமியம் கட்டிவிட வேண்டாம். பின்னால் அது தவறென்று தெரிந்தால், இழப்பீடு கேட்கும் நாளில் அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

அப்பச்சி நலமாக இருக்கும்வரை அவருடைய போனஸ் அவருக்கே உரியது, மகன் பெயருக்கு மாறாது. அவரே இன்னொரு கார் வாங்கினால் அதற்கு எடுத்துக்கொள்ளலாம்.