அப்பாவுக்கு சிடி ஸ்கேன் பார்த்துக்கொண்டே நுரையீரலில் பயாப்ஸி எடுக்கப் போகிறார்களாம். எப்படித் தயாராவது?

நான் சிடி அறையில் டெக்னீஷியன். பயாப்ஸி என்றால் கட்டியிலிருந்து ஊசி வழியாகத் துளி சதை எடுத்துச் சோதிப்பது. அந்த ஊசியைப் போடுவது ரேடியாலஜி டாக்டர். டேபிளை உள்ளே வெளியே ஓட்டுவதும், மைக்கில் "மூச்சை நிறுத்துங்க" என்று சொல்வதும் நாங்கள். அங்கே நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதல் வேலை, மாத்திரைப் பை. அப்பா சாப்பிடுகிற எல்லாவற்றையும் அட்டையோடு அள்ளிக்கொண்டு போய், தேதி குறிக்கும்போதே காட்டிவிடுங்கள். சித்த மருந்து, கடையில் வாங்கிய வலி மாத்திரை உட்பட. "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாரா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். பையைத் திறந்தால் எக்கோஸ்பிரின் கோல்டு இருக்கும். "அது கொலஸ்ட்ரால் மாத்திரை சார்." கொலஸ்ட்ரால் மருந்தும் அதில் இருக்கிறது, ஆனால் கூடவே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் அதே கேப்ஸ்யூலுக்குள் இருக்கின்றன. குளோபிடோக்ரல், வார்ஃபரின் எல்லாம் வழக்கமாக 5 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். காலையில் வந்தபிறகு தெரிந்தால் அன்றைக்கு ஊசி கிடையாது. அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் என்றால் இதய டாக்டரிடம் கேட்டு, எழுதி வாங்கிய பிறகுதான்.

ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட்டும் (ரத்தம் உறைய உதவும் அணுக்களின் எண்ணிக்கை) ஐஎன்ஆரும் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) முக்கியம். பொதுவாக பிளேட்லெட் 50,000-க்கு மேல், ஐஎன்ஆர் 1.5-க்குள் இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். பழைய ஸ்கேனின் ஃபிலிமோடு, படங்கள் பதிந்து கொடுத்த டிஸ்க்கையும் எடுத்து வாருங்கள். ஊசி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை டாக்டர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

சாப்பாடு 6 மணி நேரம் முன்போடு சரி. தண்ணீரைப் பெரும்பாலும் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்க விடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். முந்தின ராத்திரியிலிருந்தே சொட்டுத் தண்ணீர்கூடத் தராமல் கூட்டிவருகிறார்கள், அப்புறம் கையில் நரம்பு கிடைப்பதில்லை. பிபி மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் போடச் சொல்வது வழக்கம். சுகர் மாத்திரையும் இன்சுலினும் வெறும் வயிற்றில் ஆபத்து, அதைத் தனியாகக் கேளுங்கள். கழுத்துச் செயின், தாயத்து எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். நெஞ்சு ஸ்கேனில் உலோகம் கோடு கோடாக விழும்.

இப்போது நிஜமான தயாரிப்புக்கு வருகிறேன்: மூச்சு. கட்டி ஒரே இடத்தில் நிற்காது, மூச்சு ஏற ஏற இறங்க இறங்க அதுவும் நகரும், அதிலும் நுரையீரலின் அடிப்பக்கத்தில் இருந்தால் ரொம்பவே. பிடிக்கச் சொன்னதும் முதல் தடவை நெஞ்சு புடைக்க இழுப்பார்கள், அடுத்த தடவை பாதிதான். முதல் படத்தில் ஊசிக்கு நேராக இருந்த கட்டி இரண்டாவதில் ஒரு விலா எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதனால் வீட்டில் அப்பாவைப் படுக்கவைத்து, சாதாரணமாக மூச்சுவிட்டு, லேசாக நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் பழகச் சொல்லுங்கள். குப்புறப் படுத்தும் பழகட்டும், சில சமயம் முதுகு வழியாகத்தான் ஊசி போகும். இருமல் அதிகமாக இருந்தால் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

"அப்பாவுக்கு எதுவும் தெரியாது, சாதாரண ஸ்கேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கோம்" என்று காதோரம் வந்து சொல்லும் பிள்ளைகள் உண்டு. பாசம் புரிகிறது, ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது அவர். மரத்துப்போக ஊசி போடுவார்கள், முழு மயக்கம் பெரும்பாலும் தேவைப்படாது, ஆக முழித்துக்கொண்டுதான் இருப்பார். திடீரென்று ஊசியைப் பார்த்து உடம்பை அசைத்தால் சிரமம் அவருக்குத்தான். புற்றுநோய் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். "கட்டி என்னன்னு பார்க்க, துளி சதை எடுப்பாங்க" என்றால் போதும்.

டிபி சந்தேகமும் இருந்தால், சாம்பிளில் கொஞ்சம் சலைனில் (உப்புநீரில்) தனியாகப் போகிறதா என்று கேளுங்கள். சதை கெடாமல் இருக்க ஊற்றும் ஃபார்மலினில் போட்டது கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, உதவாது, கிருமி செத்துவிடும்.

முடிந்ததும் ஊசி போட்ட பக்கம் கீழே இருக்கும்படி படுக்கச் சொல்வார்கள், சில மணி நேரத்தில் ஒரு எக்ஸ்ரே. நுரையீரலுக்கு வெளியே காற்றுக் கசிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். கொஞ்சமாக இருந்தால் தானே வற்றிவிடும், அதிகமானால் டியூப் போட வேண்டியிருக்கும். சளியில் லேசாக ரத்தம் வந்தால் பதற வேண்டாம். வீட்டுக்கு வந்தபிறகு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், அல்லது ரத்தம் கூடினால், விடியட்டும் என்று காத்திராமல் நேராகக் காஷுவல்டிக்குப் போங்கள். சீக்கிரத்தில் விமானப் பயணம் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடுவது பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள்.