சாதாரண மொபைலில் பூக்களை 3டி படமாக எடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். இரண்டு லென்ஸ் வைத்த தனி கேமரா எதுவும் தேவையில்லை. பூ அசையாமல் நின்றால் போதும், ஒரு படம் எடுத்து, மொபைலைப் பக்கவாட்டில் லேசாக நகர்த்தி இன்னொன்று எடுத்தால் இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று கிடைத்துவிடும். எவ்வளவு நகர்த்துவது என்பதில்தான் முக்கால்வாசி விஷயமும் இருக்கிறது.

கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே சுமார் ஆறரை சென்டிமீட்டர், அதனால் அதே அளவு நகர்த்துங்கள் என்று பலரும் சொல்வார்கள். தெரு, மரம், ஆட்கள் என்றால் சரி. பூவுக்கு அது வேலைக்கே ஆகாது. ஸ்டீரியோ, அதாவது இப்படி இரட்டைப் படம் எடுப்பவர்களிடம் காலங்காலமாகப் புழங்கும் கணக்கு முப்பதில் ஒரு பங்கு: படத்தில் விழும் பொருட்களில் மிகக் கிட்டத்தில் இருப்பது எவ்வளவு தூரமோ, அதை 30ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஆறரை சென்டிமீட்டர் பொருந்துவது ஏறக்குறைய இரண்டு மீட்டர் தள்ளி இருப்பதற்குத்தான். 30 சென்டிமீட்டரில் இருக்கும் பூவுக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர். 15 சென்டிமீட்டருக்கு நெருங்கிவிட்டால் 5 மில்லிமீட்டர், பென்சில் தடிமன்கூட இல்லை. செம்பருத்தி என்றால் தூரத்தை இதழிலிருந்து அளக்கக் கூடாது, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தண்டின் நுனியிலிருந்து அளக்க வேண்டும், ஏனென்றால் அதுதான் லென்ஸுக்கு முதலில் வருகிறது. அதிகமாக நகர்த்திவிட்டால் இரண்டு படங்களையும் மூளை ஒன்றாகச் சேர்க்காது, கண்வலிதான் மிச்சம். சந்தேகமாக இருந்தால் குறைவாகவே நகர்த்துங்கள். ஆழம் கொஞ்சம் குறைந்த படத்தைப் பார்க்கலாம், கூடிப்போன படத்தைப் பார்க்கவே முடியாது.

நான் செய்வது இதுதான். மேஜையில் ஒரு ஸ்கேலை டேப் போட்டு ஒட்டி, ஸ்டாண்டில் மாட்டிய மொபைலை அதன் ஓரமாகவே தள்ளுகிறேன், 3 மில்லிமீட்டருக்கு ஒரு கிளிக் என்று நாலைந்து படம். எந்த இரண்டு நன்றாகச் சேர்கிறதோ அதை அப்புறம் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொள்ளலாம். நகர்த்தும்போது பூவை நடுவில் கொண்டுவர மொபைலைத் திருப்பத் தோன்றும், திருப்பாதீர்கள், நேராகவே தள்ளுங்கள். திருப்பினால் இரண்டு படங்களின் ஓரங்களும் எதிரெதிராகச் சாய்ந்து, மேல்கீழாகப் பொருந்தாமல் போகும். பூவைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு எடுத்தால் பிறகு வெட்டிச் சரிசெய்யலாம்.

மொபைலில் போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள். அது பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கலாக்குகிறது, இரண்டு படத்திலும் ஒரே மாதிரி மங்கலாக்குவதில்லை, இதழ் ஓரமெல்லாம் கத்தரித்து ஒட்டியதுபோல் ஆகிவிடும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் விரலால் அழுத்திப் பூட்டிவிடுங்கள். சில மொபைல்கள் கிட்டே போனால் தானாகவே வேறு லென்ஸுக்குத் தாவும், அதையும் நிறுத்த வேண்டும். மற்றபடி இந்த வேலைக்கு மொபைல் பெரிய கேமராவைவிட வசதி என்றே சொல்வேன்: சென்சார் சின்னது, அதனால் பூவின் முன்பக்கமும் பின்பக்கமும் ஓரளவு சேர்ந்தே தெளிவாக விழும்.

அடுத்த தொல்லை காற்று. சாதாரணப் படத்தில் இதழ் அசைந்தால் கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான். இங்கே இரண்டு கிளிக்குக்கு நடுவே இதழ் பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் மூளை அதை அசைவு என்று எடுத்துக்கொள்ளாது, ஆழம் என்றே எடுத்துக்கொள்ளும். பூவிலிருந்து பிய்ந்து முன்னால் மிதக்கிற மாதிரி ஒரு இதழ் தெரிந்தால் காரணம் இதுதான். எறும்பும் அப்படியே, ஒரு படத்தில் இருந்து இன்னொன்றில் இல்லையென்றால் பேய் மாதிரி மினுங்கும். விடிகாலையில் எடுங்கள், இல்லையென்றால் பூவைப் பறித்து வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். பின்னால் கறுப்புத் துணி தொங்கவிட்டால் தூரத்துச் சுவரும் மரமும் குறுக்கே வராது.

எந்தப் பூ என்று கேட்டால் என் ஓட்டு செங்காந்தளுக்கு. சாதாரணப் படத்தில் அது ஒரே குழப்பம், எது முன்னால் எது பின்னால் என்றே தெரியாது. ஆறு இதழ்களும் நெளிநெளியாகப் பின்னோக்கி மடிந்து மேலே எழும், ஆறு மகரந்தத் தாள்கள் சக்கரத்தின் ஆரக்கால்போலச் சுற்றிலும் விரியும், சூல்தண்டு மட்டும் அடியிலேயே கிட்டத்தட்டச் செங்கோணத்தில் வளைந்து ஒரு பக்கமாக நீளும். ஸ்டீரியோவில் பார்த்தால்தான் அந்தத் தண்டு இதழ்களிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதே புரியும். (செடி முழுக்க விஷம், கிழங்கு இன்னும் மோசம், குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் ஜாக்கிரதை.) சாமந்தி மாதிரி அடர்ந்த பூவும் நன்றாக வரும். நந்தியாவட்டை தட்டையான பூ, அதை நேர்மேலாக எடுத்தால் இவ்வளவு பாடுபட்டதற்குப் பெரிய பலன் இருக்காது.

படங்களைச் சேர்க்க ஸ்டீரியோ போட்டோ மேக்கர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, சின்னச் சாய்வு, உயர வித்தியாசத்தையெல்லாம் தானே சரிசெய்துவிடும். பார்ப்பதற்கு மொபைலைச் செருகிப் பார்க்கும் மலிவான கார்ட்போர்டு கண்ணாடி போதும். 1838இல் ஆங்கிலேய விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டோன், கண்ணுக்கு ஒரு படம் என்ற இந்தத் தத்துவத்தை விளக்கிக் கட்டுரை எழுதியபோது கேமரா படமே புழக்கத்தில் இல்லை, கோட்டுப் படங்களை வைத்தே காட்டினார். அந்த அடிப்படை இன்றுவரை மாறவில்லை. தண்டு முன்னால் வராமல் பூவுக்குள் குழிந்து போனதுபோல் தெரிந்தால் இடமும் வலமும் மாறிப்போயிருக்கிறது, மாற்றிப் போடுங்கள்.

சிவப்பு-நீலக் கண்ணாடிக்காகச் செய்வதானால் சிவப்புப் பூ வேண்டாம். சிவப்புத் தாள் வழியே செம்பருத்தி வெளேரென்றும் நீலத்தாள் வழியே கன்னங்கரேலென்றும் தெரியும், இரண்டும் சேராமல் கண்ணுக்குள் சண்டை போடும். அதுதான் வேண்டும் என்றால் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.