துணி பேச்சு கேட்காது

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 44. போன வருடம் ஆன்லைனில் ஒரு பொம்மை வீட்டு கிட் வாங்கினேன். 1:24 அளவு. மாடி, சமையலறை, சின்னப் படுக்கையறை, பால்கனி எல்லாம் உண்டு. பிளைவுட், கம்பி, மணி, துணி, காகிதம் என்று இருநூற்றுச் சொச்சம் துண்டுகள். ராத்திரி அடுப்படி வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் உட்காருவேன். எட்டு மாதமாகிறது, முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஜன்னல் பிளாஸ்டிக் மட்டும் ஒட்டின மறுநாளே வெள்ளையாகப் பூத்துவிட்டது. மட்டமான கிட் போலிருக்கிறது. மற்றதெல்லாம் அளவாகத்தான் வந்திருக்கிறது, ஆனாலும் பார்த்தால் பொம்மை வீடாகத்தான் இருக்கிறதே தவிர வீடாக இல்லை. அது கிடக்கட்டும்.

என் கேள்வி இதுதான். என் மகளுக்கு எட்டு வயது. முடிந்ததும் எனக்குக் கொடு என்கிறாள். கொடுத்துவிடலாமா, கண்ணாடிப் பெட்டி செய்து உள்ளே வைத்துவிடலாமா? என் கொழுந்தனார், "அண்ணிக்குப் பொம்மை விளையாடுற வயசு திரும்பிருச்சு" என்று எல்லார் முன்னாலும் சொல்கிறார். நான் நேரத்தை வீணடிக்கிறேனா? விளக்குக்கு வயர் இழுப்பது சுவர்க்காகிதம் ஒட்டும் முன்பா, பின்பா?

ஆர்., ஈரோடு

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேஜைமேல் நான்கு விரற்கடை அகலத்தில் ஒரு வேட்டி கிடந்தது. மூன்று வாரத்துக்கு முன் பரணைச் சுத்தம் செய்யும்போது கொலுப்பெட்டியில் கிடைத்தது. மரப்பாச்சி மாப்பிள்ளையுடையது. மாப்பிள்ளையைக் காணோம், வேட்டி மட்டும் இருக்கிறது. அதை எடுத்த இடத்திலேயே வைக்கவும் மனசில்லாமல், என்ன செய்வது என்றும் தெரியாமல் இருந்தபோது உங்கள் கடிதம். இல்லையென்றால் சத்தியமாகப் பதில் போட்டிருக்க மாட்டேன். இந்த மாதம் நாற்பது கடிதம் பாக்கி.

முதலில் ஜன்னல். கிட்டைக் குறை சொல்லாதீர்கள். உடனே ஒட்ட வேண்டும் என்று சூப்பர் க்ளூ போட்டிருப்பீர்கள். அந்தப் பசை காயும்போது கிளம்பும் ஆவி பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் மேல் போய் வெள்ளையாகப் படியும். யார் செய்த பிளாஸ்டிக்காக இருந்தாலும் படியும். மர வேலைக்குப் போடும் வெள்ளைப் பசையை ஈர்க்குச்சி நுனியில் தொட்டு ஓரத்தில் மட்டும் வைத்திருந்தால் இந்தக் கதை இல்லை. காய ஒரு ராத்திரி ஆகும். எட்டு மாதம் உட்கார்ந்தவருக்கு ஒரு ராத்திரி பொறுக்கவில்லையா? அந்தத் தகட்டைப் பிய்த்தெடுத்துவிட்டு இனிப்புக்கடைப் பெட்டியின் மூடியிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் போடுங்கள்.

வயர், காகிதத்துக்கு முன்பு. இதில் யோசிக்க எதுவுமில்லை.

கொழுந்தனார் விஷயம். ஆம்ஸ்டர்டாமில் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் பெட்ரோனெல்லா ஓர்ட்மன் என்ற பெண்மணியின் பொம்மை வீடு இருக்கிறது. 1686-லிருந்து 1710 வரை, கல்யாணமாகி குடும்பம் நடத்திக்கொண்டே இழைத்தது. ஆமை ஓடு பதித்த அலமாரிக்குள் அறை அறையாக வீடு. பீங்கான் பாத்திரத்தைச் சீனாவிலிருந்து அளவு சொல்லிச் செய்து வரவழைத்தார். மொத்தச் செலவு இருபதாயிரம் முப்பதாயிரம் கில்டர் என்கிறார்கள். அந்தக் காசுக்கு அங்கே கால்வாய் ஓரத்தில் நிஜ வீடே வாங்கலாம். குழந்தை யாரையும் பக்கத்தில் விட்டிருக்க மாட்டார். பொம்மை வீடு பிறந்ததே பெரியவர்களின் ஆசையில்தான், குழந்தைகள் கைக்குப் பிற்பாடுதான் வந்தது. இதைக் கொழுந்தனாரிடம் சொல்லுங்கள், அல்லது சொல்லாதீர்கள். அவருக்குப் பதில் தயார் செய்யச் செலவாகும் நேரம் இருக்கிறதே, அதுதான் வீண். வேலைக்குப் போய், வீட்டையும் பார்த்து, ராத்திரி ஒரு மணி நேரம் தனக்கென்று எடுக்கிறவர் அதற்கு யாரோ ஒரு கிழவனிடம் அனுமதி கேட்டு எழுதலாமா? கோபமாக வருகிறது.

(உடனே ஒருவர் எழுதுவார், நம்மிடம் சங்ககாலத்திலேயே சிற்றில் என்ற விளையாட்டு வீடு இருந்தது என்று. இருந்தது. மணலில் கட்டியது. காலால் எத்தினால் போகும். பிளைவுட் விவகாரத்தில் அது நமக்கு உதவாது.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடிதம் முழுக்க நீங்கள் எழுதியதில் உருப்படியான வரி ஒன்றுதான், அதையும் "அது கிடக்கட்டும்" என்று தள்ளிவிட்டீர்கள். எல்லாம் அளவாக இருக்கிறது, ஆனால் வீடாக இல்லை. ஏன் இல்லை?

அளவு என்பது நீளத்துக்கு மட்டும்தான். உங்கள் கிட் 1:24. நாற்காலியின் உயரத்தை இருபத்துநான்கில் ஒரு பங்காக்கிவிட்டீர்கள், சரி. அகலமும் ஆழமும் அப்படியே குறையும். எடை? இருபத்துநான்கை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 13,824. ஐந்து கிலோ மர நாற்காலி உங்கள் வீட்டில் மூன்றில் ஒரு கிராம். தும்மினால் சமையலறைக்குப் போய்விடும். போயிருக்குமே, பார்த்திருப்பீர்களே?

துணியில் இது இன்னும் மோசம். துணி குறைவதே இல்லை. சட்டைத் துணி கால் மில்லிமீட்டர் தடிமன் என்று வையுங்கள். உங்கள் வீட்டில் குடியிருக்கிறவர் கண்ணுக்கு அது ஆறு மில்லிமீட்டர். வாசல் மிதியடியை ஜன்னலில் திரையாக மாட்டியிருக்கிறீர்கள் அம்மா, அது எப்படி விழும்? கிட்டில் கொடுத்த துணியில் பூப்போட்டிருந்தால் இன்னும் விசேஷம். ஒரு சென்டிமீட்டர் பூ என்றால் அந்த வீட்டுக்குத் தாம்பாளம் அளவுப் பூ. நிஜத் திரை தன் கனத்தால் தொங்குகிறது, கீழே கொஞ்சம் புரள்கிறது, நாம் ஒதுக்கிவிட்ட மாதிரியே ஒதுங்கி நிற்கிறது. உங்களுடையது தட்டி மாதிரி நிற்கும். தலையணையில் பஞ்சு அடைத்திருப்பீர்கள், பலூன் மாதிரி உப்பி இருக்கும். அதில் யாரும் தலை வைத்துப் படுத்ததில்லை என்பது வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும். மனிதர் இருந்த வீட்டில் எல்லாம் கொஞ்சம் அமுங்கி இருக்கும். அமுங்க எடை வேண்டும். அந்த எடை உங்கள் கிட் பெட்டியில் வரவில்லை.

தண்ணீரும் அப்படித்தான். லண்டன் பக்கத்தில் விண்ட்சர் கோட்டையில் ராணி மேரியின் பொம்மை வீடு இருக்கிறது. 1921-லிருந்து 1924 வரை கட்டினார்கள். ஒரு அடிக்கு ஒரு அங்குலம் கணக்கு. திட்டம் போட்டவர் எட்வின் லட்யன்ஸ். அதே வருடங்களில் டெல்லியில் வைஸ்ராய் மாளிகையையும் கட்டிக்கொண்டிருந்தவர். ஒரு பக்கம் 340 அறை, இன்னொரு பக்கம் சுண்டுவிரல் நுழையாத குழாய். அந்தக் குழாயில் தண்ணீர் வரும், வெந்நீரும் வரும். மின்விளக்கு எரியும், லிஃப்ட் ஓடும். நூலகத்தில் அன்றைய எழுத்தாளர்களைத் தபால்தலை அளவுப் புத்தகத்தில் எழுத வைத்தார்கள். கானன் டாய்ல் ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் கதையே எழுதிக் கொடுத்தார். எல்லாவற்றையும் குறைத்தவர்களால் ஒரு சொட்டுத் தண்ணீரைக் குறைக்க முடியவில்லை. மூன்று மில்லிமீட்டர் சொட்டு அந்த வீட்டில் எலுமிச்சம்பழ அளவு. நம் பழைய புராணப் படங்களில் புயலில் கப்பல் கவிழும்போது தொட்டிக் கப்பல் என்று சின்னப் பையனும் கண்டுபிடிப்பானே, எதனால்? கப்பலில் குறை இருக்காது. தெறிக்கிற திவலை பெரிசாக இருக்கும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் என்று நான் நினைப்பது பிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்ற அமெரிக்கப் பெண்மணியை. சிகாகோ பணக்கார வீட்டுப் பெண், 1878-ல் பிறந்தவர். அறுபது வயதுக்கு மேல் பொம்மை அறைகள் செய்தார். ஒவ்வொரு அறையிலும் ஒரு சாவு. கொலையா, தற்கொலையா, விபத்தா என்று துப்பறியும் போலீஸ்காரர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும், பயிற்சிக்காக. பதினெட்டு அறைகள் இன்றும் பால்டிமோரில் இருக்கின்றன. பொம்மைகளின் காலுறையைக் குண்டூசிகளை வைத்துப் பின்னினார் அவர். கடையில் வாங்கிய துணியை வெட்டித் தைத்திருக்கலாமே? தைத்தால் காலில் படியாது, சாக்கு மாதிரி நிற்கும். பொய் என்று தெரிந்த அறையில் எந்தப் போலீஸ்காரரும் துப்புத் தேட மாட்டார். உங்கள் கொழுந்தனாரை அங்கே ஒரு நடை அனுப்ப வேண்டும்.

என் பெருமையையும் கேளுங்கள். நான் ஓய்வு பெற்ற வருடம் ஒரு பெரிய கிட் வாங்கி, இரண்டு வருடம் கட்டினேன். கூரைக்கு மெல்லிய மர ஓடுகள். அத்தனையையும் வெள்ளைப் பசையால் ஒட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டு நிற்கின்றன. பசையிலிருக்கும் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் குடித்த மரம் பின்னே என்ன செய்யும்? ஜன்னலுக்கு அந்தப் பசை, கூரைக்குத் தண்ணீர் கலக்காத பசை. இது தெரிய எனக்கு ஒரு கூரை ஆயிற்று.

துணியைப் பற்றி மட்டும் எனக்கு முன்னாலேயே தெரியும். அத்தை சொல்லியிருந்தாள். "துணி பேச்சு கேட்காதுடா. அடிச்சுத் துவைச்சு, வயசான துணிதான் கேட்கும்."

அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். இருபத்திரண்டு வயதில் வந்தவள் என்று சொல்வார்கள். நவராத்திரிக்கு மரப்பாச்சிக்கு உடுத்திவிடுவது அவள் வேலை. பழைய வேட்டி எது கிழிந்தாலும் அவளிடம் போகும். ஆள்காட்டி விரலை நீட்டி அதன்மேல் துண்டைப் போடுவாள். இரண்டு பக்கமும் தொய்ந்து விழுந்தால் எடுத்துக்கொள்வாள். குடை மாதிரி நின்றால் கரித்துணிதான். பெண் மரப்பாச்சிக்குப் புடவை என்றால் நீர்த்த கஞ்சியில் நனைத்து, ஈர்க்குச்சிகளுக்கு இடையில் கொசுவம் மடித்து, நூலால் கட்டி, ராத்திரி முழுக்க அம்மிக் குழவியின் கீழே வைப்பாள். காலையில் நூலைப் பிரித்தால் கொசுவம் அப்படியே நிற்கும். ஓரத்தில் பழைய பட்டிலிருந்து உருவிய சரிகை இரண்டு இழை. அழகுக்கு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அந்தக் காலச் சரிகையில் வெள்ளி உண்டு, அந்தக் கனம் ஓரத்தைக் கீழே இழுக்கும். தலையணைக்குப் பஞ்சு கிடையாது, சலித்த ஆற்றுமணல். மரப்பாச்சி தலையை வைத்தால் குழியும், எடுத்தாலும் குழி இருக்கும்.

சாயங்காலம் வெற்றிலை பாக்குக்கு ஊர்ப் பெண்கள் வருவார்கள். அத்தை அந்த நேரத்தில் கூடத்துக்கு வரமாட்டாள். யாரும் வராதே என்று சொல்லி நான் கேட்டதில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. கொல்லைப்பக்கத் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். சுண்டல் கிண்ணத்தோடு நான் போனால், "மாப்பிள்ளை வேட்டியைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்பாள். எனக்கு ஏழு வயது. கவனமெல்லாம் கிண்ணத்தில். "ஒண்ணும் சொல்லல அத்தை" என்பேன். சொல்லியிருப்பார்கள். வருடா வருடம் பார்த்துப் பார்த்துப் போகிறவர்கள் சொல்லாமல் இருந்திருப்பார்களா?

மேஜைமேல் இருக்கும் வேட்டியை இப்போது விரலில் போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் விழுகிறது. அப்பா கட்டியது மில் வேட்டி, கரை அகலம். இதில் கரை நூல் மாதிரி மெல்லிசு, எங்கள் வீட்டில் அப்படி ஒன்றை நான் பார்த்த ஞாபகம் இல்லை. இது யார் வேட்டி என்று கேட்க அப்போது எனக்கு வயசில்லை. இப்போது கேட்க ஆளில்லை.

சரி, உங்கள் கேள்வியை மறந்தே போனேன். மகளிடமா, கண்ணாடிப் பெட்டியா? 1:24 நாற்காலியை எட்டு வயது விரல்கள் முதல் நாளே ஒடிக்கும், ஒடித்தபின் நீங்கள் கத்துவீர்கள். அதனால் முடிந்த பிறகு கொடுக்கிற பேச்சு வேண்டாம். இன்னும் கால்வாசி வேலை பாக்கி இருக்கிறதே, இப்போதே அவளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தலையணையைப் பிரித்து மணல் போடட்டும். திரையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழந்துணியில் புதிதாகச் செய்யுங்கள், ஓரத்தில் தலைமுடி கனத்துக்குச் செம்புக்கம்பி ஒன்றை நுழையுங்கள், போதும்.

பழந்துணி வீட்டில் ஏதாவது இருக்கும். உங்கள் அம்மாவுடையதோ, மாமனாருடையதோ. வெட்டுகிறதற்கு முன்னால் யாருடையது என்று ஒரு சீட்டில் எழுதி, அந்த வீட்டின் அடிப்பலகையில் ஒட்டிவிடுங்கள். வெள்ளைப் பசையால்.